பல்மனரிக்குப் பெரிய பலூன், அயோர்ட்டிக்குச் சின்ன பலூன் – ஏன்?

கேள்வி:
கேத் லேப் (ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்துக்குச் சிகிச்சை தரும் இடம்) நர்சிங் பயிற்சியில் இருக்கிறேன். குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சுருங்கிய வால்வை விரிக்கும்போது, பல்மனரிக்கு (நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு) வால்வின் வளையத்தைவிடப் பெரிய பலூன் எடுக்கிறார்கள், அயோர்ட்டிக்கு (உடலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு) சிறியது. இரண்டுமே ஒட்டிப்போன இதழ்கள்தானே? அதோடு, எக்கோவில் (இதய ஸ்கேன்) கிரேடியன்ட் (வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) குறைவாக இருந்தும் சில பச்சிளங்குழந்தைகளை அவசரம் என்கிறார்களே, எப்படி?

பதில் 1:
விரித்தபின் வரும் கசிவை எந்தக் கீழறை தாங்கும் என்பதுதான் கணக்கு. பல்மனரி பக்கம் அழுத்தம் குறைவு. கொஞ்சம் கசிந்தாலும் வலது கீழறை பல வருஷம் சமாளிக்கும். அதனால் வளையத்தைப் போல 1.2 முதல் 1.25 மடங்கு: வளையம் 10 மி.மீ. என்றால் 12 மி.மீ. பலூன். 1.5 மடங்கை எட்டினால் வளையமே சேதமாகலாம்.

அயோர்ட்டிக்கில் இதழ் தாறுமாறாகக் கிழிந்தால் இடது கீழறை தாங்காது, குழந்தை நேராக ஆபரேஷனுக்குத்தான் போகும். 0.8–0.9 மடங்கில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் கசிவையும் பார்த்த பிறகுதான் அடுத்த சைஸ். 1-ஐத் தாண்ட வேண்டாம். மீதி கிரேடியன்ட் 35 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வந்துவிட்டால் போதும். பூஜ்யமாக்க ஆசைப்படுவதில்தான் கசிவு வருகிறது.

பதில் 2:
கிரேடியன்ட் = 4 × வேகம் × வேகம். வினாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். ரத்தம் பாய்ந்தால்தான் வேகம்! கீழறை தளர்ந்துபோன குழந்தைக்கு 25 வந்தாலும் வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கலாம். கீழறை சுருங்கும் விதம், கால் நாடி, லாக்டேட் (உடலுக்கு ரத்தம் போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்), டக்டஸில் (அயோர்ட்டாவையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்தபின் மூடிக்கொள்ளும் குழாய்) ரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது, இவற்றைப் பாருங்கள். அழும் குழந்தை, காய்ச்சல், ரத்தசோகை என்றால் எண் ஏறிக் காட்டும்.

டக்டஸை நம்பியிருக்கும் குழந்தைக்கு பிராஸ்டகிளாண்டின் E1 (டக்டஸைத் திறந்து வைக்கும் மருந்து) நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.05–0.1 மைக்ரோகிராம். டக்டஸ் திறந்ததும் 0.01 வரை குறைக்கலாம். மூச்சு நின்றுபோகலாம், ஆகவே ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பதில் 3:
பல்மனரி பலூன் முடிந்தும் வலது கீழறை அழுத்தம் இறங்கவில்லையா? உடனே பெரிய பலூன் கேட்காதீர்கள். கதீட்டரை மெல்லப் பின்னால் இழுத்தபடி அழுத்தம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். வால்வுக்குக் கீழே மாறினால், அது தடித்த தசை இறுகுவது. திரவம் கொடுத்து, ப்ரோப்ரனலால் (இதயத் துடிப்பையும் இறுக்கத்தையும் தணிக்கும் மருந்து) தரலாம். அட்ரினலின், டோபுடமின் போன்ற இதயத்தைத் தூண்டும் மருந்துகள் இறுக்கத்தைக் கூட்டும். தசைத் தடிப்பு சில மாதங்களில் தானே வடியும்.

நூனன் சிண்ட்ரோம் (பிறவி மரபணுக் கோளாறு) உள்ள குழந்தைகள் வேறு கதை. அங்கே பெரும்பாலும் இதழ் ஒட்டியிருக்காது, தடித்துக் கிடக்கும். பலூனுக்குப் பிரிக்க எதுவும் இல்லை. இதைப் பெற்றோரிடம் சம்மதம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.