பழைய எண்ணை அழிக்கலாமா?

முகிலன்:
என் கனிமச் சேகரிப்புக்காக, இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஹெரோட்ஸ்ஃபுட் சுரங்கத்துப் போர்னோனைட் கல் ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், பல்சக்கரம் போன்ற படிகங்கள். ஆனால் பின்புறம் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு மையில் 217 என்ற எண், பக்கத்திலேயே பழுப்பேறிய காகிதத் துண்டு. பார்க்கவே உறுத்துகிறது. அசிட்டோன் போட்டு எடுத்துவிடலாமா?

வானதி:
தயவுசெய்து தொடாதீர்கள்! அந்த 217 யாரோ ஒருவருடைய பட்டியலில் ஒரு வரி. பட்டியல் என்றைக்காவது கிடைத்தால், கல் யார் யார் கைமாறி வந்தது என்று சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் கனிமச் சேகரிப்பாளர் ஆர்தர் ரஸ்ஸல் (1878–1964) சிதறிப்போன பழைய சேகரிப்புகளைத் தேடித் தேடி வாங்கினார். அவர் சேர்த்தவை இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்புறம், போர்னோனைட் கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவில் 3க்குள் இருக்கும் மெத்தென்ற கனிமம். தேய்த்தால் கீறல் விழும்.

செந்தில்:
கீறல் விஷயத்தில் சம்மதம். மற்றபடி, லேபிளை இப்படிக் கும்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. கனிமச் சேகரிப்பாளர் ஆர்தர் கிங்ஸ்பரியை மறந்துவிட்டீர்களா? 1968இல் இறந்தார். பிரிட்டனில் கண்டெடுத்ததாக அவர் எழுதிவைத்த கற்களில் பல வேறு இடங்களைச் சேர்ந்தவை என்று பின்னால் தெரியவந்தது. நானே ஒரு வியாபாரியிடம் பெரிய பெயர் போட்ட சீட்டை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தேன். சீட்டு அசல்தான், அதற்குரிய கல் அது இல்லை.

வானதி:
அதற்காகத்தானே கல்லிலேயே எண் எழுதினார்கள்! சீட்டை மாற்றி வைப்பது சுலபம். கல்லில் இருக்கும் எண் சீட்டிலும் இருந்தால்தான் நான் நம்புவேன். உங்களை ஏமாற்றிய கல்லில் எண் இருந்ததா? கிங்ஸ்பரி விஷயமும், அவர் எழுதியதைக் கல்லோடு வைத்துப் பார்த்ததால்தானே வெளியே வந்தது? எழுதியதை யாராவது கழுவியிருந்தால் பொய்யும் சேர்ந்து போயிருக்கும்.

செந்தில்:
எண் இல்லை, உண்மைதான். ஆனாலும் பெயருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

வானதி:
அதில் நானும் உங்கள் பக்கம். முகிலன், அந்த 7இன் நடுவில் குறுக்குக்கோடு இருக்கிறதா?

முகிலன்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இருக்கிறது. காகிதத்தின் ஓரத்தில் இன்னொரு எண்ணின் பாதியும் தெரிகிறது.

வானதி:
அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் 7க்குக் கோடு போடுவது அபூர்வம். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் வழக்கம். கல் கடல் தாண்டிப் போய் வந்திருக்கலாம்.

செந்தில்:
ஒரு கோட்டை வைத்து ஊர் சொல்லாதீர்கள். அந்தப் பாதி எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள் முகிலன், பார்ப்போம்.

முகிலன்:
சரி, நாளைக் காலை போடுகிறேன். அசிட்டோன் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டேன்.