மூணாம் விதி: அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லல

பாலக்கோடு டியூஷன் அக்கா:
பத்தாவது சயின்ஸ்ல முதல் பாடமே இயக்க விதிகள்தான், எல்லாரும் படிச்சிருப்பீங்க. நாலு வருசம் முன்னாடி மொட்டமாடியில டியூஷன் எடுத்துட்டு இருந்தப்போ நியூட்டனோட மூணாம் விதிய, ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுன்னு எழுதிப் போட்டேன். பின்னாடி உக்காந்திருந்த பையன் எந்திரிச்சு வந்து சாக்பீச வாங்கினான். அவங்க வீட்டுல மாட்டு வண்டி இருக்கு, சீசனுக்கு கரும்பு ஏத்திட்டு சுகர் மில்லுக்குப் போகும். போர்டுல ஒரு மாடு, ஒரு வண்டி, நடுவுல ரெண்டு அம்பு. ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும்னு விரலால அளந்து அளந்து போட்டான். "மாடு முன்னாடி இழுக்குது, வண்டி மாட்ட அதே அளவு பின்னாடி இழுக்குது, அப்ப வண்டி எப்பிடிக்கா நகரும்?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியல. "பரீட்சைக்கு இதெல்லாம் வராது, போய் உக்காரு"ன்னுட்டேன். அவன் அந்த ரெண்டு அம்பையும் உள்ளங்கையால அழிச்சுட்டுப் போனான், அப்புறம் அவன் எதுவுமே கேட்டதில்ல. அந்தக் கை இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது.

காரிமங்கலம் விவசாயி:
டீச்சர், பையன் போட்ட அம்பு ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டும் வேற வேற பொருள் மேல விழுது, ஒண்ண ஒண்ணு அடிச்சுக்காது. வண்டி நகருமான்னு பாக்கணும்னா வண்டி மேல என்ன விசை விழுதுன்னு மட்டும் பாருங்க. மாடு இழுக்கறது ஒண்ணு, சக்கரத்தப் புடிக்கிற உராய்வு ஒண்ணு. இழுப்பு அதிகம்னா வண்டி நகரும், அவ்ளோதான். சரி மாட்ட எது முன்னாடி தள்ளுது? தரைதான். குளம்பு மண்ண பின்னாடி தள்ளுது, மண்ணு மாட்ட முன்னாடி தள்ளுது. ஒரு ஐப்பசி மழையில எங்க களிமண் காட்டுல நெல்லு மூட்டையோட வண்டி நின்னுடுச்சு, சக்கரம் புதையவே இல்ல, மாட்டுக் காலுதான் வழுக்குது. எங்க தாத்தா வண்டிப் பக்கமே போகல, மாட்டுக் காலடியில வைக்கோலும் கோணியும் போட்டாரு, ரெண்டே எட்டுல வண்டி கெளம்பிடுச்சு. பள்ளிக்கூடம் போகாத மனுசன்.

தர்மபுரி பொண்ணு:
எனக்கு ஒகேனக்கல்ல நடந்தது. கரையில பாறைகிட்ட பரிசல் வந்ததும் அம்மா அவசரமா ஒரு கால பாறையில வெச்சு மத்த கால உந்தினாங்க, பரிசல் ஒரு முழம் பின்னாடி போயிடுச்சு, அம்மா முட்டி நேரா பாறையில. அப்பா பரிசல்காரர அவ்ளோ திட்டினாரு, புடிக்காம விட்டுட்டேன்னு. அவரு பதிலே பேசாம துடுப்ப கையில வெச்சுட்டு நின்னாரு. அம்மா முன்னாடி போகணும்னா பரிசல பின்னாடி தள்ளித்தான் ஆகணும்னு காலேஜுல படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது. அவரு முன்னாடியே "நான் புடிக்கற வரைக்கும் எந்திரிக்காதீங்கம்மா"ன்னு வேற சொல்லியிருந்தாரு. அவருகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேக்கல நாங்க.

பென்னாகரம் ஆளு:
அது தண்ணி இழுப்பும்மா. காவேரியில பரிசல் சும்மாவே நகரும், இதுக்கு நியூட்டன் எதுக்கு?

தர்மபுரி பொண்ணு:
இல்லண்ணா, அது பாறை மறைவுல தேங்கின தண்ணி, இலை கூட அசையல. மேல ஏழு பேரு இருந்தும் நகந்துச்சு.

பர்கூர் லாரி:
நான் கிரானைட் லோடு ஓட்டினவன். ஜெகதேவி ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்து பிரேக் அடிச்சேன், பின்னாடி கல்லு "கர்ர்"னு ஒரு சத்தம், எறங்கிப் பாத்தா கேபினுக்கு அரை அடி தள்ளி நிக்குது. பிரேக் அடிச்சா ஒரு விசை கல்ல முன்னாடி தள்ளும், அத மறந்துடாதீங்க. அப்புறம் தொப்பூர் கணவாய்ல எறங்கறவங்க யாரா இருந்தாலும் கேட்டுக்கோங்க, டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடாதீங்க, எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லயே எறக்குங்க, எஞ்சினே வேகத்தப் புடிச்சு வெக்கும், பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா டிரம் சூடேறி அப்புறம் மிதிச்சாலும் புடிக்காது. வேகம் ரெண்டு மடங்குன்னா நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும், 40ல நின்ன வண்டிதானேன்னு 80ல நம்பாதீங்க. மாங்கா கிரேட் ஏத்தறவங்களும் முன்பலகைய ஒட்டி அடுக்குங்க, நடுவுல எடம் விட்டா அவ்ளோ தூரமும் ஓடி வந்துதான் இடிக்கும். கயிறு போதாது, பெல்ட் போட்டு முறுக்குங்க, பத்து கிலோமீட்டர் தாண்டி ஒருதரம் நிறுத்தி இன்னொரு முறுக்கு.

காரிமங்கலம் விவசாயி:
அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. கல்ல எதுவும் முன்னாடி தள்ளல. கல்லு அது பாட்டுக்கு அதே வேகத்துல போகுது, கீழ லாரிதான் நிக்குது. அதுதான் நிலைமம், முதல் விதி. 20 டன் கல்லு 50 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ 20 மீட்டர்ல நிறுத்தணும்னா கிட்டத்தட்ட 10 டன் எடைக்குச் சமமான விசை அத பின்னாடி இழுக்கணும். உராய்வும் சங்கிலியும் அத குடுக்கலன்னா கேபின்தான் குடுக்கும்.

பர்கூர் லாரி:
தள்ளினா என்ன, தள்ளலன்னா என்ன தம்பி, வந்து இடிக்குதுல்ல.

காரிமங்கலம் விவசாயி:
வித்தியாசம் இருக்குண்ணா. தள்ளுதுன்னு நெனச்சா மெதுவா பிரேக் அடிச்சா போதும்னு தோணும். எதுவும் தள்ளல, புடிக்கத்தான் ஆளில்லன்னு புரிஞ்சா சங்கிலிய ரெண்டுதரம் பாப்போம்.

பாலக்கோடு டியூஷன் அக்கா:
காரிமங்கலம் அண்ணா, நீங்க சொன்னத நோட்டுல போட்டுப் பாத்துட்டேன். அவன் போட்ட ரெண்டோட நிக்கக் கூடாது, குளம்புக்குக் கீழயும் ரெண்டு அம்பு போடணும், அங்கதான் நான் விட்டுட்டேன். இப்ப அவன் ஓசூர்ல கம்பெனிக்குப் போறான். அவங்க அம்மா சந்தையில தக்காளி போடுவாங்க, வர்ற வாரம் அவங்ககிட்ட அவன் நம்பர வாங்கி இந்தப் படத்த அனுப்பறேன்.