வளைவும் வாழ்நாள் சான்றும்

அன்பான ஊர்க்காரர்களுக்கு,

பிரான்சின் துலோனிலிருந்து வணக்கம். ஊர் நுழைவில் நம் முன்னாள் படைவீரர்கள் பெயரால் கிரானைட் வளைவு எழுப்பலாம் என்று மஸ்கட் அண்ணன் எழுதினார். மூன்றே நாளில் பதினேழு பேர் ஆமோதித்துவிட்டீர்கள். நான் மட்டும் பேசாமல் இருந்ததைப் பார்த்துப் பணம் கேட்டால் இவளுக்குக் காது கேட்காது என்று ஒருவர் கிண்டல் செய்தாராம். பணம் தருகிறேன். ஆனால் கல் இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பல வருடங்களாகக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன டிசம்பர் 4 அன்று நான் ஊரில் இருந்தேன். கடற்படை நாள். 1971இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய இரவின் நினைவு. மாமா காலையிலேயே குளித்து, பதக்கம் குத்திய கோட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எங்கும் போகவில்லை, யாரும் வரவும் இல்லை. பதினோரு மணிக்குக் கோட்டைக் கழற்றி மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மாமா ஐ.என்.எஸ். கடலூர் கப்பலில் இயந்திர அறையில் இருந்தவர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: கடலூர், பாண்டிச்சேரி என்று நம் இரண்டு ஊர்ப் பெயரிலும் கடற்படையில் கப்பல் இருந்தது. சோவியத் நாட்டில் கட்டிய கண்ணிவாரிக் கப்பல்கள். பாண்டிச்சேரிதான் அந்த வரிசையில் முதல் கப்பல், ஆகவே வகைக்கே அந்தப் பெயர். ஏரித் தண்ணீருக்கும் எல்லைக் கல்லுக்கும் முறைத்துக்கொள்கிற இரண்டு ஊரும் கடலில் அக்கா தங்கை! எதிரி கடலில் விதைத்து வைத்த கண்ணிவெடிகளை வாரி, பின்னால் வரும் பெரிய கப்பல்களுக்கு வழி திறந்துவிடுவது அவற்றின் வேலை. அளவுமானிகளில் எல்லாம் ரஷ்ய எழுத்து. மாமா எட்டாம் வகுப்பில் இந்தி படிக்க மறுத்து அடி வாங்கியவர். ரஷ்ய எழுத்தை மட்டும் இன்றும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

கடலூர் கப்பல் 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றது. சூரியன் மறையும் நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்குவார்கள். அதைக் கைப்பேசியில் பார்த்த மாமா அன்றிரவு சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார். அடுத்த ஆண்டு கோழிக்கோடு கப்பலும் போனதும் இந்தியக் கடற்படையிடம் கண்ணிவாரிக் கப்பலே இல்லாமல் போயிற்று. பிறகு கடலூரைப் புதுச்சேரிக் கரைக்கு அப்பால் கடலடியில் இறக்கி அருங்காட்சியகம் ஆக்கலாம் என்ற பேச்சு பத்திரிகைகளில் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது மாமா கேட்டது: "உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் காத்தோமே, இப்போது வேண்டுமென்றே விடப் போகிறார்களா?"

நம் ஊரின் விசித்திரம் உங்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் இரண்டு நாட்டுப் பட்டாளம். என் அப்பாவழித் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். எதிர்வீட்டுக்காரர் இந்தியத் தரைப்படை. இரண்டு பேரும் மாலையில் ஒரே மதகில் உட்கார்ந்து பென்ஷன் கணக்கு ஒப்பிடுவார்கள். ஃபிராங்கில் வருவது எப்போதும் அதிகமாக இருக்கும். எதிர்வீட்டுத் தாத்தா எழுந்து போய்விடுவார். ஜூலை 14 வந்தால் என் தாத்தா தொப்பியும் பதக்கமுமாகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போவார். அங்கே 1938இல் திறந்த போர் நினைவிடம் இருக்கிறது, முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக. மலர்வளையம், இரண்டு நாட்டுப் பண், விளக்கு அலங்காரம் எல்லாம் உண்டு. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு டிசம்பர் 7 கொடிநாள் அன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு வந்து சட்டையில் காகிதக் கொடி குத்திவிட்டுப் போவார்கள், அவரிடமே காசும் வாங்கிக்கொண்டு.

இன்னொன்று. மற்ற ஊர்களில் மிலிட்டரிக்காரர் விடுமுறைக்கு வந்தால் கேண்டீன் சரக்குக்காகவே ஊர் திரண்டு வரவேற்கும். நமக்கு முள்ளோடை எல்லை வரை பத்தடிக்கு ஒரு மதுக்கடை இருந்ததால் அந்த மரியாதையும் நம் ஆட்களுக்குக் கிடைக்காமல் போயிற்று.

கடலூரில் கடற்படைத் தளம் வந்தால் நம் பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்களே என்று சிங்கப்பூர்த் தம்பி எழுதியிருந்தார். நான் குடியிருப்பது பிரான்சின் பெரிய கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில். விமானந்தாங்கிக் கப்பலான சார்ல் து கோல் இங்கேதான் நிற்கிறது. அது கரையில் இருக்கும் மாதங்களில் ரொட்டிக் கடையில் வரிசை நீளும். கிளம்பிய வாரத்தில் பள்ளி வாசலில் தாய்மார்கள் மட்டும் நிற்பார்கள். வீட்டு வாடகையும் சலவைக்கடையும் பழுதுபார்க்கும் பட்டறையும் எல்லாமே அந்த நேரத்தைப் பார்த்து நடக்கும். அப்படி ஒரு வாழ்வு நமக்கும் வரட்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் கடலூர் பெரிய கப்பல் கரை தட்டாமல் அணையக்கூடிய துறையாக இருந்ததில்லை. கப்பல் அப்பால் நங்கூரமிட, படகில் சரக்கை இறக்கிய ஊர் அது. தமிழ்நாட்டில் கடற்படைக்கு விஜயநாராயணத்தில் 1990இல் கட்டபொம்மன் நிலையமும், அரக்கோணத்தில் 1992இல் ராஜாளி விமானத்தளமும் வந்தன. நம் பங்குக்கு நாம் கொடுத்தது ஆட்களைத்தான்.

துலோனிலிருக்கும் நீர்மூழ்கி ஒன்றின் பெயர் சுஃப்ரேன். பெயருக்கு உரியவர் நம் கடலூருக்கு எதிரே 1783 ஜூன் 20 அன்று ஆங்கிலேயரோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர். அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரியில், ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். காகிதம் கப்பலேறி நம் கரைக்கு வந்து சேரும்முன் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே பீரங்கி முழங்கி ஆட்கள் செத்தார்கள்.

காகிதம் தாமதமாக வருவது நம் ஊருக்குப் புதிதில்லை என்று சொல்ல வருகிறேன். மேலத்தெருப் பெரியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா இறந்து குடும்ப ஓய்வூதியம் வர பதினான்கு மாதம் ஆயிற்று. காரணம் போர் ரகசியம் ஒன்றும் இல்லை. சேவைப் பதிவேட்டில் பெரியம்மாவுக்கு வீட்டில் அழைக்கும் பெயர்; ஆதாரில் ஜாதகப் பெயர். பெரியப்பா சேரும்போது கொடுத்தது கடலூர் முகவரி. வீடு இருப்பதோ புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனில். ஓர் அலுவலகம் எங்கள் எல்லை இல்லை என்றது. அடுத்தது அங்கேயே போங்கள் என்றது. அந்தப் பதினான்கு மாதமும் பெரியம்மா கூலிக்கு நடவு நட்டார். நாம் அந்த வருடம் கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று சங்கக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர் தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். கைரேகை வைக்கும் கருவி மாமாவின் விரலை ஏற்பதில்லை. எஞ்சின் எண்ணெயிலும் பிறகு கரும்புத் தோட்டத்திலும் தேய்ந்த விரல். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று பெறலாம். நம் ஊரில் அதைச் செய்துதர ஆள் இல்லாமல் வயதானவர்கள் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். மாமா காலத்தில் பதினைந்து வருடம் முடித்தால் ஓய்வூதியம். முப்பத்தைந்துக்குள் திரும்பி வங்கிக் காவலாளியாகவோ நெய்வேலியிலோ இரண்டாவது வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு வருமானத்தில்தான் நம்மில் பாதிப்பேர் படித்தோம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம்தான். நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். சில்காவில் பயிற்சி முடித்த முதல் கடற்படை அணியில் பெண்களும் இருந்தார்கள். நம் தெருப் பெண் ஒருத்தியும் முயல்கிறாள், காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடுகிறாள். திரும்பி வரும் பிள்ளைகளுக்கு அடுத்த வேலை என்ன என்று நமக்குள் யோசிக்காமல் வளைவின் கீழ் மாலை போட்டு வழியனுப்புவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வளைவை நான் எதிர்க்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் பதித்த பளிங்குக் கல் இருக்கும்: இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர். வெறும் எண், ஒரு பெயர்கூட இருக்காது. நம் கல்லிலும் நன்கொடையாளர் பெயர் பெரிதாகவும் வீரர் பெயர் பொடி எழுத்திலும் வருமானால் அந்த எண்ணே மேல்.

முதலில் பட்டியல் எடுப்போம். நான் டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பதினொரு பெயர் எழுதியிருக்கிறேன்: இந்தியப் படை எட்டு, சொல்தா மூன்று. இறந்தவர்களின் மனைவியர் பெயரும் அதில் உண்டு. உங்கள் வீட்டில் விட்டுப்போன பெயர், படை, சேர்ந்த வருடம், மனைவி பெயர் பதிவேட்டிலும் ஆதாரிலும் எப்படி இருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். வளைவு நிதியில் ஒரு பங்கை எடுத்து, நூலகத்து முன் அறையில் ஒரு கணினியும் வாரம் இரண்டு நாள் உட்காரப் படித்த பிள்ளை ஒருத்தருக்குச் சம்பளமும் ஏற்பாடு செய்யலாம். நவம்பருக்கு முன் தொடங்கிவிட வேண்டும்.

கப்பல் கதை கேட்க மாமாவை அழைப்பவர்கள் கைப்பேசியை வலது காதில் வைக்கச் சொல்லுங்கள். இடது காது இயந்திர அறையிலேயே போய்விட்டது.