ஹிஃப்-1 ஆல்ஃபா பட்டை வரவே மாட்டேன் என்கிறது

காட்பாடியில் ஆய்வு மாணவி நான். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்: ஆக்சிஜன் குறைத்து வளர்த்த செல்களில், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) ஹிஃப்-1 ஆல்ஃபா, அதாவது ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் புரதம், தெரியவே இல்லை.

எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்று செல்கள், 1 சதவீத ஆக்சிஜன், 16 மணி நேரம். ஆக்சிஜன் இருந்தாலும் ஹிஃப்பைச் சிதையவிடாத கோபால்ட் குளோரைடு போட்ட செல்களில் 120 கிலோடால்டன் பக்கம் பட்டை பளிச்சென்று விழுகிறது. ஆக ஆன்டிபாடி சரி. வேடிக்கை என்னவென்றால், ஹிஃப் முடுக்கிவிடும், ரத்தக்குழாய்களை வரவழைக்கும் விஇஜிஎஃப்-இன் ஆர்என்ஏ ஏறியிருக்கிறது. ஹிஃப் வேலையை முடித்துவிட்டுத்தான் காணாமல் போகிறது போல.

(ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்பைச் சிதைவுக்கு அனுப்பும் நொதி பிஎச்டி2. ரத்தக்குழாய் செல்களில் அது பாதியானால் எலிகளில் புற்றுப் பரவல் குறைகிறது என்று 2009இல் காட்டினார்களே, அதைத் தொட்டுத்தான் என் வேலை.)

புது ஆன்டிபாடி, இருமடங்கு புரதம், புரோட்டியேஸ் தடுப்பான், 24 மணி நேரம், எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது சந்தேகம் மாடிப்படி மேல். இன்குபேட்டர் கீழே, ஐஸ் பெட்டி மேலே. தட்டோடு ஏறி வர நான்கு நிமிடம். காற்று பட்டதும் பிஎச்டி2 விழித்துக்கொண்டால் ஹிஃப் சிதைய அதுவே போதும். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்குள்ளேயே கைவிட்டு வேலை செய்ய உதவும் ஹைபாக்சியா கையுறைப் பெட்டி எங்களிடம் இல்லை.

அந்தப் பெட்டி இல்லாமல், ஹிஃப் சிதையும் முன் செல்களை எப்படி உடைக்கிறீர்கள்?