மாணவிகள் 30 பேர், பைத்தான் வகுப்பு: சிஎஸ்ஆர் பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

நிரல்விதை:
வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகள் 30 பேருக்கு பைத்தான் நிரல்மொழி வகுப்பு. 9 முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள். அதில் 4 பேர் பார்வையற்றவர்கள், 3 பேர் காது கேளாதவர்கள். வாரம் 2 வகுப்பு, 6 மாதத்தில் மொத்தம் 48. எங்கள் டிரஸ்ட் பதிவாகி ஒன்றரை வருடம். 12ஏ (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) இரண்டும் தற்காலிகப் பதிவில் இருக்கின்றன. ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணத்தில் (கம்பெனிகள் சமூகப் பணிக்காகச் செலவிடும் நிதி) 30 லேப்டாப் தரத் தயார். ஆனால் ஆசிரியர் சம்பளம், ஆட்டோ, சைகை மொழிபெயர்ப்பாளர் எல்லாம் நிர்வாகச் செலவாம், 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். இது சரியா? நாங்கள் நேரடியாகப் பணம் வாங்க முடியுமா? லேப்டாப்பில் என்ன கேட்க வேண்டும்?

பற்றுவரவு:
5 சதவீதம் பற்றி அவர்கள் சொல்வது தவறு. அந்த உச்சவரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செய்யும் பொதுச் செலவுக்கு மட்டும். ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் வரையறையிலேயே இருக்கிறது. செயல்படுத்தும் அமைப்பின் செலவுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கையும் சொல்கிறது. அதை அச்செடுத்து ப்ரொபோசலுடன் இணையுங்கள். வாயால் சொன்னால் அவர்கள் ஆடிட்டர் கேட்க மாட்டார்.

சிக்கல் உங்கள் டிரஸ்டின் வயதில்தான். கம்பெனி தானே தொடங்காத டிரஸ்ட் என்றால் 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (சிஎஸ்ஆர் பணத்தில் வேலை செய்யும் அமைப்புகள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்குவது) மூன்றும் வேண்டும். அதோடு இதே மாதிரி வேலையில் குறைந்தது 3 வருட அனுபவமும் காட்ட வேண்டும். சிஎஸ்ஆர்-1 எண் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது வெறும் பதிவு, 3 வருட நிபந்தனை தனி.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 3 வருடம் கடந்த ஒரு டிரஸ்ட் பணத்தை வாங்கிப் பொறுப்பேற்கட்டும், நீங்கள் அதனுடன் பயிற்சி ஒப்பந்தம் போடுங்கள். இரண்டு, கம்பெனியே நேரடியாகத் திட்டத்தை நடத்தி உங்களிடம் பயிற்சியைச் சேவையாக வாங்கட்டும். இரண்டிலும் உங்கள் கைக்கு வருவது கட்டணம், நன்கொடை அல்ல. 80ஜி ரசீது தரக் கூடாது, டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள், வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வைத்திருக்கும் டிரஸ்டோடு சேர்ந்தால் கவனம். 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. சிஎஸ்ஆர் கணக்கு தனி, அது தனி.

லேப்டாப் யார் பெயரில் இருக்கும் என்பதையும் இப்போதே கேளுங்கள். சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கும் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. சிஎஸ்ஆர்-1 பதிவு எண் உள்ள டிரஸ்ட், பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும்.

தடவிப்படி:
லேப்டாப்பைப் பற்றி. 'இலவசமாகத் தருகிறோம்' என்று ஆபீஸில் கழித்த பழைய மெஷின்களைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை ப்ராசஸர், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் லினக்ஸ்தான். அப்போது திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் பேசிச் சொல்லும் மென்பொருள்) விண்டோஸில் ஓடும் என்விடிஏ அல்ல, லினக்ஸில் ஓடும் ஆர்கா. பயிற்சியாளருக்கு எது தெரியும் என்று பார்த்து முடிவெடுங்கள். ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம். ஹார்டு டிஸ்க் மெஷினில் பேச்சு தாமதமாக வந்தால் பிள்ளைகள் அடுத்தடுத்த கீயைத் தட்டி எங்கேயோ போய் நிற்பார்கள்.

என்விடிஏ இலவசம், அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனால் பழகிவிடும். பைத்தானில் முதல் முட்டுக்கட்டை வரித் தொடக்க இடைவெளி. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அதுதான் காட்டும். திரைவாசிப்பான் சாதாரணமாக அதைச் சொல்லாது. என்விடிஏ + கண்ட்ரோல் + டி அழுத்தினால் ஆவண வடிவமைப்பு அமைப்பு திறக்கும். அங்கே வரித் தொடக்க இடைவெளி அறிவிப்பை (line indentation) 'பேச்சு' அல்லது 'ஒலி' என்று மாற்றுங்கள். ஒலியை வைத்தால் உள்ளே போகப் போக சுருதி மாறும், இரண்டு வாரத்தில் காது பிடித்துக்கொள்ளும். நிரல் எழுதும் எடிட்டர் விஎஸ் கோட். ஸ்கிராட்சில் (கட்டைகளைச் சேர்த்து நிரல் எழுதும் மொழி) தொடங்க நினைத்தால் வேண்டாம். மவுஸால் இழுத்துப் பொருத்தும் வேலை, பார்வையற்ற 4 பேரும் முதல் நாளே ஓரமாக உட்கார வேண்டிவரும். ஹெட்போன் கம்பியுள்ளதாகவே வாங்குங்கள். ஒரு காது ஆசிரியருக்குத் திறந்திருக்கட்டும்.

காது கேளாத மாணவிகள் ஒரே நேரத்தில் திரையையும் சைகையையும் பார்க்க முடியாது. ஆசிரியர் பேசி, நிறுத்தி, பிறகு டைப் செய்ய வேண்டும். ப்ரொஜெக்டருக்காக விளக்கை அணைத்தால் மொழிபெயர்ப்பாளரின் கை தெரியாது. மொழிபெயர்ப்பாளர் இருவர் தேவை. 20-30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளாவிட்டால் தரம் விழும்.

நிரல்விதை:
நன்றி. லேப்டாப்பைக் குறைத்து மற்ற செலவைக் கேட்டால் ஒப்புக்கொள்வார்களா?

பற்றுவரவு:
மொத்தத் தொகை அதிகரிக்காது என்று காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். பார்வையற்ற 4 பேருக்கு ஆளுக்கொன்று, மற்ற 26 பேருக்கு இருவருக்கு ஒன்றாக 13, உபரி 1. மொத்தம் 18 போதும். ஒன்று 25,000 என்று வைத்தால் 12 லேப்டாப்பில் 3,00,000 மிச்சம். (கொட்டேஷனில் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அதை விட்டுவிட்டுப் போட்ட பட்ஜெட்தான் மூன்றாம் மாதத்தில் கிழியும்.)

இனி ஓடும் செலவு (எண்ணிக்கை × வகுப்புகள் × ரூபாய்). விலை என் அனுமானம், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்:

பயிற்சியாளர் 2 × 48 × 1,200 = 1,15,200
சைகை மொழிபெயர்ப்பாளர் 2 × 48 × 800 = 76,800
ஷேர் ஆட்டோ 2 × 48 × 600 = 57,600
சுண்டல், பால் 30 × 48 × 20 = 28,800

கூட்டினால் 2,78,400. 12 லேப்டாப் பணமே போதும், 21,600 மிஞ்சும். அது ஹெட்போனுக்கும் ரிப்பேருக்கும்.

ஆட்டோவை வெட்டச் சொல்வார்கள், 'பஸ் இலவசம்தானே' என்பார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது உண்மை. ஆனால் மாலை 6.30க்கு வகுப்பு முடிந்தபின் கிராமத்துக்கு வண்டி இல்லையென்றால் இலவசத்தால் பயன் இல்லை. கடைசிப் பேருந்து நேரங்களை எழுதி இணையுங்கள், விவாதம் அங்கேயே முடியும்.

தடவிப்படி:
இன்னொன்று. மாற்றுத்திறனுக்கான செலவைத் தனித் தலைப்பில் போடாதீர்கள். 'கூடுதல்' என்று தெரிந்தால் முதலில் அடிபடுவது அதுதான். மொழிபெயர்ப்பாளரைப் பயிற்சியாளர்களோடு 'வகுப்புப் பணியாளர்' வரியிலும், ஹெட்போனைக் கருவிகளிலும் சேர்த்துவிடுங்கள்.

பள்ளி வளாகத்தில் நடத்துவதென்றால் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியும் முன்கூட்டி வேண்டும். பணம் வந்தபின் அலைந்தால் ஒரு பருவமே போய்விடும்.

பற்றுவரவு:
நேரம்: ஆண்டுத் திட்டத்தை கம்பெனி போர்டு பெரும்பாலும் ஏப்ரலையொட்டி முடிக்கும். ஜனவரிக்குள் ப்ரொபோசல் அவர்கள் மேசையில் இருக்கட்டும். மார்ச்சில் செலவாகாத பணத்தை அவசரமாகத் தள்ளும்போது லேப்டாப் மட்டும்தான் வரும், ஏனென்றால் பில் உடனே கிடைக்கும். 6 மாத வகுப்பு இரண்டு நிதியாண்டில் விழுந்தால், 'தொடரும் திட்டம்' என்று போர்டு தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் மீதிப் பணத்தை அவர்கள் செலவழிக்கப்படாத சிஎஸ்ஆர் கணக்குக்கு மாற்றி உங்களுக்கு அடுத்த தவணை தர முடியும்.

அறிக்கைக்கு மாணவிகளின் ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். வருகைப் பதிவேட்டு எண்ணிக்கையும் பில்களும் போதும்.