வெனிஸ் ரியால்ட்டோ பாலம்: சக்கர நாற்காலியோடு போக வழி உண்டா?

பொங்கோல்வாசி: ஜூன் பள்ளி விடுமுறையில் மிலானில் இறங்கி ரயிலில் வெனிஸ், இரண்டு இரவு. பாட்டிக்குச் சக்கர நாற்காலி, சின்னவனுக்குத் தள்ளுவண்டி. பாலத்தில் ஏற முடியுமா? படம் எடுக்க எந்த நேரம் நல்லது?

படகுப்பித்தன்: ஏற முடியாது. சிங்கப்பூர்க் காவெனா பாலம்போல் தட்டையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அடியில் படகு போகவேண்டும் என்று ஒரே வளைவாகத் தூக்கிக் கட்டியது, இரண்டு பக்கமும் படிதான். தள்ளுவண்டியை மடித்துத் தூக்கிக்கொள்ளலாம், நாற்காலியைத் தூக்கும் யோசனையே வேண்டாம்.

ஆனால் பாட்டிக்குப் பாலத்தை நன்றாகவே காட்டலாம். சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்குங்கள் (அதற்கு முந்தைய மெஸ்ட்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அது தரைப்பகுதி). வாசலிலேயே படகுத்துறை. 1ஆம் எண் வாப்பரெட்டோவில் (பொதுப் படகு) ஏறினால் சில துறை தாண்டி ரியால்ட்டோ மெர்க்காத்தோ துறை, அடுத்தது ரியால்ட்டோ துறை. இரண்டுக்கும் நடுவில்தான் பாலம், படகு அதன் அடியிலேயே புகுந்து போகும். முதல் துறை சந்தைக் கரை, இரண்டாவது சான் மார்க்கோ கரை. ஆக, ஒரு படிகூட ஏறாமல் இரு கரையும் பார்த்தாகிவிடும். மீன் சந்தை காலையில்தான். ஞாயிறு, திங்கள் இல்லை.

ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். நான்கு முறை ஏறினாலே 38 ஆகிறது, 48 மணி நேரச் சீட்டு 35தான். சக்கர நாற்காலிக்குத் தனிச் சலுகை உண்டு, முகப்பில் கேளுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் சீட்டைத் தட்டவேண்டும். இறங்கும்போது தட்டவேண்டியதில்லை, சிங்கப்பூர் ஈசிலிங்க் அட்டைப் பழக்கத்தில் இயந்திரத்தைத் தேடாதீர்கள்.

கல்லும்கட்டடமும்: படத்துக்குக் காலை 7 மணிக்குள் போங்கள். பாலத்தின் நடுப்பாதையில் இருபுறமும் கடைகள், அங்கே நின்றால் தண்ணீரே தெரியாது. ஓரத்து இரண்டு பாதைகளில்தான் காட்சி. பாலத்தையே எடுக்க, மாலை வெயிலில் தெற்குப் பக்கக் கரைதான் சரி.

முன்பு இருந்த மரப்பாலம் 1444இல் கூட்டத்தின் பாரம் தாங்காமல் விழுந்தது, 1524இல் மறுபடியும் விழுந்தது. இப்போதுள்ள கல்பாலம் 1588 முதல் 1591 வரை கட்டியது. சேற்று மண்ணில் ஆயிரக்கணக்கான மரக்கழிகளை அடித்து, அதன்மேல் நிற்கிறது. கட்டியவர் அந்தோனியோ தா போந்தே. ‘போந்தே’ என்றாலே பாலம்தான்!

தேக்காதேநீர்: மூன்று விஷயம் விட்டுப்போச்சு. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். பாட்டி நிரந்தரவாசியாக இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் ஷெங்கன் விசா கட்டாயம், இப்போதே தொடங்குங்கள். வெனிஸுக்குப் பகல்நேர வருகையாளராக வந்தால் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குவோர் கட்டவேண்டாம், ஆனால் விலக்குக் குறியீட்டை நகராட்சி இணையத்தளத்தில் முன்பே எடுத்துவையுங்கள். பாலத்துப் படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கவேண்டாம்: 2019இல் அங்கே அடுப்பு மூட்டிக் காப்பி போட்ட இரண்டு ஜெர்மானியருக்கு 950 யூரோ அபராதம்.

படகுப்பித்தன்: விடுதி பதியும்முன், “படகுத்துறையிலிருந்து உங்கள் வாசல்வரை பாலம் குறுக்கிடுமா?” என்று எழுதிக் கேளுங்கள். சின்ன வாய்க்கால் பாலத்துக்கும் படி இருக்கும்.