நியூட்ரான் துள்ளலில் தெரியும் படிநிலைகள்: ஈர்ப்பு குவாண்டமானது என்பதற்கு இது சான்றா?

கேள்வி

தளத்தின்மீது விழும் பந்து எந்த உயரத்துக்கு வேண்டுமானாலும் துள்ளலாம். மீக்குளிர் (மிக மெதுவாக நகரும்) நியூட்ரானோ சமதளக் கண்ணாடியின்மீது துள்ளும்போது குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே நிற்கிறது என்று, பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள லாவே-லாஞ்சவன் நிறுவனத்தில் நெஸ்விஷெவ்ஸ்கி குழுவினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியதாகப் படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். ஈர்ப்பே குவாண்டம் தன்மை கொண்டது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாமா? அணுவையோ எலக்ட்ரானையோ விட்டுவிட்டு நியூட்ரானைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

மறுமொழி 1

அப்படிக் கொள்ள முடியாது. இங்கே ஈர்ப்பு, குவாண்டம் துகளின் நடத்தையை விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள் நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாக, நியூட்டன் காலத்து வடிவத்திலேயே நுழைகிறது. மின்புலத்தைக் குவாண்டமாக்காமலே ஹைட்ரஜன் அணுவின் மட்டங்களைக் கணக்கிட்டுவிடுகிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். குவாண்டம் நடத்தை நியூட்ரானுடையது. அதைக் கட்டிவைக்கும் விசை ஈர்ப்பு.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை என்பதே இரண்டாவது ஐயத்துக்கு விடை. ஓர் எலக்ட்ரானின் எடையைச் சமன்செய்ய, மீட்டருக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வோல்ட்டைவிடவும் குறைவான மின்புலம் போதும். அவ்வளவு நுண்ணிய புலத்தைக்கூட அண்டவிடாமல் தடுப்பது மிகக் கடினம். அணுவைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுசென்றால் அணுவுக்கும் பரப்புக்கும் இடையிலான மெல்லிய கவர்ச்சியான வான் டெர் வால்ஸ் விசை குறுக்கிடும். மீக்குளிர் நியூட்ரானுக்கோ கண்ணாடி ஏறத்தாழ முழுமையான சுவர். முதல் மட்டத்தின் ஆற்றல் 1.41 பிக்கோ எலக்ட்ரான் வோல்ட் (ஒரு பிக்கோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு). கண்ணாடி எழுப்பும் தடை அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. நியூட்ரான் கிடைமட்டமாக நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் பறந்தாலும், அந்த மட்டத்துக்குரிய செங்குத்து வேகம் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கல்லும் இறகும் வெற்றிடத்தில் ஒன்றாக விழுவதற்குக் காரணம், நிறை சமன்பாட்டிலிருந்து நீங்கிவிடுவது. குவாண்டம் துள்ளலில் நிறை நீங்குவதில்லை. முதல் மட்டத்தின் உயரம் 13.7 மைக்ரோமீட்டர், நியூட்ரானின் நிறை இருமடங்காக இருந்திருந்தால் அது 8.6 மைக்ரோமீட்டராகச் சுருங்கியிருக்கும்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் பொறுத்தருள வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சோதனை ஈர்ப்பைத்தான் காட்டியது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே நியூட்ரானை உறிஞ்சும் சொரசொரப்பான தட்டு ஒன்றை வைத்து, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் வரை நியூட்ரான்கள் கடந்துவரவே இல்லை. ஈர்ப்பே இல்லாத, 13.7 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வெறும் பெட்டியில் அடைபட்ட நியூட்ரானுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். அடிமட்ட ஆற்றல் 1.1 பிக்கோ எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. இதுவும் ஈர்ப்புக் கணக்கின் 1.41உம் இவ்வளவு நெருங்கி இருக்கும்போது, தடையாக நின்றது ஈர்ப்பா, இடுக்கா என்று எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 3 (மறுமொழி 1 எழுதியவர்)

உங்கள் கணக்கு சரி, ஐயமும் நியாயமானது. அடிமட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். அடுத்தடுத்த மட்டங்களைப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஆற்றல்கள் 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் விலகிக்கொண்டே போகும். ஈர்ப்பில் 1.41, 2.46, 3.32, 4.08 என்று இடைவெளி குறுகிக்கொண்டே வரும்.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்முட் ஆபெலே குழுவினர் 2011இல் கண்ணாடியையே மேலும் கீழும் அதிரவைத்து, நியூட்ரானை ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் செய்தார்கள். மின்காந்த அலை எதுவும் இல்லை, வெறும் அசைவுதான். அந்த அதிர்வெண்கள் மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கின்றன. முதல் மட்டத்திலிருந்து மூன்றாவதற்குச் சுமார் 463 ஹெர்ட்ஸ், நான்காவதற்குச் சுமார் 647 ஹெர்ட்ஸ் என்பது ஈர்ப்புக் கணக்கு, விகிதம் 1.4. பெட்டியாக இருந்தால் 1.9ஐ நெருங்கியிருக்கும். 2018இல் வெளியான அளவீட்டில், அதிரும் பகுதிக்கு மேலே தட்டே வைக்காமல் இந்த இரு தாவல்களையும் கண்டார்கள். அவை ஈர்ப்புக் கணக்கை ஒட்டியே அமைந்தன. மேல்தட்டு இல்லாத இடத்தில் நியூட்ரானைக் கீழே பிடித்துவைக்க ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மைக்ரோமீட்டர் தொலைவில் மட்டும் செயல்படும் அறியப்படாத விசை ஏதேனும் இருந்தால், அது இந்த அதிர்வெண்களைச் சிறிது நகர்த்தும். இப்போது அந்த நகர்வைத்தான் தேடுகிறார்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நிலவின் ஈர்ப்புக்கு நானே கணக்கிட்டேன். முதல் மட்டத்தின் உயரம் 25 மைக்ரோமீட்டர் வருகிறது. சரிதானா?

மறுமொழி 3 எழுதியவர்

சரி. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கானாலும் உயரம் ஆறு மடங்காகாமல், ஆறின் கனமூல அளவே கூடும். ஆற்றலையும் கணக்கிட்டுப் பாருங்கள், 0.42 பிக்கோ எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டும். மட்டங்கள் அந்த அளவுக்கு நெருங்கிவிடுவதால், அவற்றைப் பிரித்தறிய நியூட்ரான் கண்ணாடியின்மீது மூன்று மடங்குக்கும் கூடுதலான நேரம் தங்க வேண்டியிருக்கும்.